ஐஸ் கம்பெனி கரண்டில் எடுத்த பாட்டு

பிப்ரவரி 6

இன்றைக்கும் அண்ணனுக்குக் கண் பரிசோதனை முடியவில்லை.

நாற்காலியில் உட்கார வைத்து, சோதனை பிரேமை மூக்கில் மாட்டி, வலக்கண்ணுக்கு மூன்று லென்ஸ் மாற்றிப் பார்த்தாயிற்று. "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். பலகையில் நான்காவது வரி வரைக்கும் நல்ல பிள்ளையாகப் படித்தான். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் செய்தி கேட்கலாம் என்று கடை ரேடியோவைப் போட்டார். செய்தி வரவில்லை, அந்தப் பாட்டு வந்தது. முதலில் சொட்டென்று தண்ணீர் விழும் சத்தம், அப்புறம் என் டிரம்ஸ். அண்ணன் எழுந்தான், கதவைத் திறந்தான், போயே போய்விட்டான். மூக்கில் பிரேமோடு! ஒரு கண்ணில் லென்ஸ், இன்னொரு கண்ணில் கறுப்பு மூடி. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "உங்க கடையிலேர்ந்து கடற்கொள்ளைக்காரர் ஒருத்தர் போறாரே" என்றார்.

சிரித்தேன். சிரிக்கிற விஷயமா இது? ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு எதிரே வரும் பஸ்ஸின் நம்பர் தெரியவில்லை என்று அண்ணி புலம்புகிறார். போன தடவை பரிசோதனை பாதியில் நின்றதற்கும் அதே பாட்டுதான் காரணம். அப்போது வந்தது ஒரு பெரியவரின் போன் மணியாக. வேறு கடைக்குப் போ என்றால், "தங்கச்சி கண்ணாடிக் கடை வச்சிருக்கும்போது நான் ஏன் ஊரான் கடைக்குப் போகணும்" என்கிறான்.

அந்தப் பாட்டைப் பாடியவனே அவன்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவன் பாடிக்கொண்டே பேஸ் கிட்டார் வாசிப்பான், நான் டிரம்ஸ், 'டியூனிங்' என்று நாங்கள் கூப்பிட்ட நண்பன் கிட்டார். மூன்று பேர், பேர் வாங்கியது ஒரே ஒரு பாட்டு. அதைக் கேட்டால் அவனுக்கு ஆகாது.

பிப்ரவரி 7

பிரேம் திரும்பி வந்தது. அண்ணி டிபன் பாக்ஸில் வைத்து அனுப்பியிருந்தார். லென்ஸில் கைரேகை.

பிப்ரவரி 19

பாங்குக்குப் போன் செய்தேன். ஒரு குரல், காத்திருக்கச் சொல்லிவிட்டு, பாட்டைப் போட்டது. "இரு, ஒரு நிமிஷம் இரு—" என்று என் கூடப்பிறந்தவன் கெஞ்ச, பின்னால் நானே டிரம்ஸ் அடித்து, என்னை நானே காக்க வைத்தேன். நல்ல கூத்து.

இந்தப் பாட்டு எங்கேதான் இல்லை? கால்பந்து மைதானத்தில் எதிரணி ரசிகர்கள் தோல்வி தாங்காமல் பாதியில் எழுந்து போகும்போது, மைதானமே அவர்களைப் பார்த்து இதைப் பாடுகிறது. ரயில் கிளம்பும்போது பிளாட்பாரத்தில் பாடுகிறார்கள். பள்ளிக்கூடத்தின் கடைசி நாளில் பிள்ளைகள் அழுதுகொண்டே பாடுகிறார்கள். போன வருஷம் கண்ணாடி வாங்க வந்த ஒரு பெண், ஆஸ்பத்திரியில் தன் அம்மாவின் கடைசி மணி நேரத்தில் காதோரமாக இதைத்தான் பாடினதாகச் சொன்னாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

காதலியைப் போகாதே என்று கெஞ்சும் பாட்டு என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மை என்னவென்றால் அது டியூனிங்கின் வாய்ச்சொல். அவனுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். இரண்டு பாட்டுக்கு நடுவில், ஒரே பாட்டுக்கு நடுவில்கூட, "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு, சுருதி பார்க்கும் இரும்பு இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்துக்கொள்வான். கம்பியை மயிரிழை ஏற்றுவான், இறக்குவான். நாங்கள் கொட்டாவி விடுவோம். ஒரு நாள் அண்ணனுக்குப் பொறுமை போய், பேஸை வைத்துவிட்டு வெளியே கிளம்பினான். டியூனிங் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "போறதுன்னா போ. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இரு."

அண்ணன் வாசலில் நின்றவன் திரும்பி வந்து பேஸை எடுத்தான். சாயங்காலத்துக்குள் பாட்டு முடிந்துவிட்டது.

மார்ச் 2

பாட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். பழைய டேப்பைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிடப் போகிறார்களாம். குழுவில் மிச்சமிருக்கும் இரண்டு பேரும் சம்மதம் சொல்ல வேண்டுமாம். 'மிச்சமிருக்கும்' — அப்படித்தான் சொன்னார், கடையில் சரக்கு மிச்சம் என்பது மாதிரி. டியூனிங் போய் நான்கு வருஷம் ஆகிறது.

எனக்குச் சம்மதம். அண்ணனிடம் கேட்டேன். "என்னை விட்டுடு பாப்பா" என்றான். ஐம்பத்து மூன்று வயதிலும் நான் அவனுக்குப் பாப்பாதான். அதற்கு மேல் பேசவில்லை, போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டான்.

மார்ச் 5, ஞாயிறு

கடை விடுமுறை. டேப் என்ற ஒரு சொல்லைக் கேட்டதிலிருந்து மனம் அந்த அறையையே சுற்றுகிறது. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

ரேடியோ மாமாவின் கடைக்குப் பின்னால் ஒரு அறை. அவர் யாருக்கும் மாமா இல்லை, ரேடியோ ரிப்பேர் செய்பவர், அவ்வளவுதான். எங்கிருந்தோ ஒரு பெரிய டேப் மெஷினை வாங்கி வைத்திருந்தார். சுவரில் பழைய மெத்தைகளைக் கட்டியிருந்தோம். மூட்டைப்பூச்சியும் கூடவே வந்திருந்தது. காலையில் ஒரு பாட்டை எடுத்தோம், சுமாராக வந்தது. அடுத்து 'ஒரு நிமிஷம் இரு' எடுக்க வேண்டும். கரண்ட் போய்விட்டது.

மறுநாளைக்கு மெஷினை வேறு யாருக்கோ தருவதாகப் பேசியிருந்தார் மாமா. எங்களுக்கு அன்றைக்கு விட்டால் வழியில்லை. பக்கத்தில் ஐஸ் கம்பெனி. அங்கே பெரிய ஜெனரேட்டர் ஒன்று உண்டு. மாமா சுவருக்கு மேலே ஒரு ஒயரை இழுத்து எங்கள் அறைக்குள் கொண்டுவந்தார். மின்விசிறி போடக்கூடாது, லோடு தாங்காது என்று சொல்லிவிட்டார். வெந்து போனோம். ஐஸ் கம்பெனிக்காரர் பாவப்பட்டு ஒரு பாளத்தைக் கொடுத்தார். அறை நடுவில் அலுமினியப் பேசின்மேல் இரண்டு கட்டையைப் போட்டு அதை வைத்தோம். பாட்டின் ஆரம்பத்தில் வரும் சொட்டுச் சத்தம் அதுதான். அதைக் காதலியின் கண்ணீர் என்று ஒருவர் பத்திரிகையில் எழுதியிருந்தார். ஐஸ்.

ஈரத்தில் கம்பி இறங்கிவிடும் என்று டியூனிங் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் கவையும் கையுமாக உட்கார்ந்திருந்தான். அப்புறம் வாசித்தோம். ஒரே தடவைதான். மாமா ஒயரைப் பிடுங்கச் சொன்னார். ஐஸ் கம்பெனிக்கு ஜெனரேட்டர் திணறுகிறதாம்.

கரண்ட் வந்த பிறகுதான் போட்டுக் கேட்டோம். அந்த நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வாசித்தபோது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இப்படி இருக்கவில்லையே! என் கை இத்தனை சுறுசுறுப்பா? கிட்டார் பளிச்சென்று துலங்கியது. அண்ணனின் குரல் இளசாக, பறந்துகொண்டு, பிடிவாதமாக— மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "இது நாமதானா?" என்றான் அண்ணன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா மீசையைத் தடவிக்கொண்டு, "என் மெஷின் அப்படி" என்றார்.

அத்தனை சந்தோஷமான முகத்தோடு அவனை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

மார்ச் 14

தலை சுற்றுகிறது. முறையாக எழுதப் பார்க்கிறேன்.

டேப்பைச் சுத்தம் செய்யும் பெண் என்னை வரச் சொல்லியிருந்தாள். சின்ன அறை, பெரிய ஸ்பீக்கர்கள், ஜன்னல் கிடையாது. எந்நேரமும் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியிருக்கிறாள். மனதுக்குள் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். கிட்டாரும் வாசிப்பாளாம். வந்ததும் வராததுமாக, "உங்க கிட்டார்காரர் கம்பியை எவ்வளவு ஏத்தி வச்சு வாசிப்பார்?" என்று கேட்டாள்.

ஏற்றுவதா? டியூனிங்கா? கவை சொன்னால் சொன்னதுதான், மயிரிழை அப்படி இப்படிப் போக மாட்டான் என்றேன்.

"அப்படின்னா இது எப்படி?" என்று ஒரு இடத்தைப் போட்டுக் காட்டினாள். விரல் வைக்காமல் சும்மா விட்ட கம்பி அதிர்கிற சத்தம் அது. ஆனால் சும்மா விட்ட கம்பி பேச வேண்டிய சுரத்தில் அது பேசவில்லை, அரை சுரத்துக்கும் சற்று மேலே ஏறி நிற்கிறது. காலையில் எடுத்த இன்னொரு பாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதாம். இதில் மட்டும் எல்லாமே ஏறியிருக்கிறது. கிட்டார், பேஸ், குரல், எல்லாம் ஒரே அளவில்.

நான் பேச்சுவாக்கில் கரண்ட் போன கதையைச் சொன்னேன். ஐஸ் கம்பெனி ஜெனரேட்டர் என்றதும் அவள் நாற்காலியோடு திரும்பினாள். அப்புறம் பொறுமையாக விளக்கினாள். அந்தக் காலத்து டேப் மெஷினின் மோட்டார் கரண்டின் துடிப்பைப் பார்த்துத்தான் சுற்றுமாம். லோடு தாங்காமல் ஜெனரேட்டர் சோர்ந்தால் துடிப்பு குறையும், மோட்டாரும் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றும்போது பதிந்ததை நல்ல கரண்டில் போட்டால் எல்லாம் வேகமாகும், சுரமும் மேலே ஏறும்.

அப்புறம் ஏதோ ஒரு எண்ணை மாற்றி, நாங்கள் அன்றைக்கு உண்மையில் வாசித்த வேகத்தில் அந்தப் பாட்டைப் போட்டாள்.

சொட்டு நிதானமாக விழுந்தது. டிரம்ஸ் நிதானமாக வந்தது. என் கைக்கு அது தெரிந்தது, அப்படித்தான் நான் அடித்தேன். பிறகு அண்ணன் பாடினான். கனமான, கொஞ்சம் கரகரப்பான, எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தினமும் கேட்ட குரல். எத்தனை வருஷமாகிறது இந்தக் குரலைக் கேட்டு!

காதுக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அழுதிருக்கிறேன் போலிருக்கிறது.

மார்ச் 15

டியூனிங் சொன்னானே! தலைதலையாக அடித்துக்கொண்டு சொன்னானே! "நான் சரியாத்தான் வச்சேன், மெஷின்லதான் ஏதோ கோணல், காலையில எடுத்த பாட்டைக் கேட்டுப் பாருங்க"ன்னு. யார் கேட்டோம்? மத்தியானத் தூக்கத்துல நீ ஏத்தி வச்சிட்டேடான்னு அண்ணன் சிரிச்சான். மெஷினைக் குத்தம் சொன்னா மாமாவுக்குக் கோபம் வந்துடும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்"— எத்தனை தடவை கேட்டிருப்பான் அந்தப் பழமொழியை. அவன் கல்யாணத்துல கூடச் சொன்னாங்க.

கூடம் நிஜமாவே கோணல்டா. நீ நல்லாத்தான் ஆடியிருக்கே.

மார்ச் 18

தூக்கம் வரவில்லை. இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப உங்க அண்ணன் எதுக்குப் பாடறதை விட்டார்?"

அதைத்தானே நான் நான்கு நாளாக யோசிக்கிறேன்.

பாட்டு பிடித்துக்கொண்டதும் மேடை மேடையாக ஏறினோம். முதல் மேடையில் எங்கள் சுருதியில்தான் வாசித்தோம். மந்தமாக இருக்கிறது, ரெக்கார்டில் இருக்கிற மாதிரி இல்லையே என்றார்கள். அப்போதைய பாட்டுக் கம்பெனிக்காரர், "ரெக்கார்டைப் போட்டுக் கேளுங்க, அப்படியே பாடுங்க, அவ்வளவுதான்" என்றார். டியூனிங் வாயை மூடிக்கொண்டு கம்பியை ஏற்றினான். நான் வேகத்தைக் கூட்டினேன். அண்ணன் எட்டாத உயரத்துக்கு எட்டி எட்டிப் பாடினான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஜெனரேட்டரைக் காப்பியடித்துக்கொண்டிருந்தோம் என்று யாருக்குத் தெரியும்?

கஷாயம் குடித்தான், வெந்நீர் குடித்தான், பேச்சைக் குறைத்தான். "அன்னிக்குப் பாடினேனே, இப்ப ஏன் வரமாட்டேங்குது?" என்று என்னிடம் ஒரு தடவை கேட்டான். பயிற்சி பண்ணு, வரும் என்றேன். எனக்கும் அப்போது இருபத்தொன்றுதானே வயது.

பெரிய மைதானத்தில் ஒரு சாயங்காலம் குரல் உடைந்தது. பாட்டின் நடுவில் சத்தமே வரவில்லை. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான். கூட்டம் முழுப்பாட்டையும் பாடியது, அழகாகப் பாடியது. எனக்கு அது அன்பாகத்தான் கேட்டது. அவனுக்கு, நீ வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டிருக்கிறது. மேடையிலிருந்து இறங்கியவன் அப்புறம் ஏறவில்லை. டிரைவிங் ஸ்கூல் வைத்தான். வீட்டில்கூட ஒரு வரி முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் தன்னால் பாட முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இதைக் கேட்கக் கொடுக்காவிட்டால் நான் தங்கச்சியே இல்லை.

மார்ச் 20

டியூனிங்கின் மனைவியைப் பார்க்கப் போனேன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "படுத்த படுக்கையில கூடச் சொல்லிட்டிருந்தாருங்க, நான் சரியாத்தான் வச்சேன்னு. நான் மாத்திரைக் கலக்கம்னு நெனச்சேன்" என்றார். உள்ளே போய் இசைக்கவையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அண்ணனிடம் கொடுத்துவிடச் சொன்னார்.

மார்ச் 27

அண்ணன் வர மாட்டேன் என்கிறான். போனில் பாட்டு என்ற வார்த்தை வந்தாலே, "கிளட்ச், கிளட்ச்" என்று பக்கத்தில் யாரையோ அதட்டிவிட்டு வைத்துவிடுகிறான். நேரில் போனால் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். அண்ணிதான் யோசனை சொன்னார்: "அவர் எங்க வேணா எந்திரிச்சுப் போயிடுவார். காருக்குள்ள மாட்டினா எங்க போவார்?"

அண்ணி பெரிய ஆள்.

ஏப்ரல் 8

ஐம்பத்து மூன்று வயதில் டிரைவிங் கிளாஸில் சேர்ந்தேன். முதல் நாள். என்ஜின் அணைந்த தடவைகளை எண்ணவில்லை. அண்ணன் வகுப்பில் புலி. "பாப்பா, டிரம்ஸ்ல ரெண்டு கையும் ரெண்டு காலும் தனித்தனியாப் போகும் உனக்கு. இங்க மூணு பெடலுக்கு இந்தப் பாடா?" என்று கத்தினான். கத்தியவன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் வாயிலிருந்து டிரம்ஸ் என்ற சொல் வந்து எத்தனை காலமாயிற்று!

திட்டு வாங்கினதும் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 10

இன்று போட்டுவிட்டேன்.

பெரிய சிக்னலில் சிவப்பு. எங்களுக்கு முன்னால் பஸ், பின்னால் லாரி. காதுக்காரி கொடுத்த பென் டிரைவைக் கிளம்பும்போதே கார் ஸ்டீரியோவில் செருகி வைத்திருந்தேன். பட்டனை அழுத்தினேன். சொட்டு விழுந்தது. அதைக் கேட்டதுதான் தாமதம், கார்க் கதவைத் திறந்துவிட்டான். நடுரோட்டில்! ஒரு கால் வெளியே போய்விட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. டிரம்ஸ் வந்தது. பிறகு குரல்.

"இரு— ஒரு நிமிஷம் இரு—"

ஒரு கால் தரையில், ஒரு கால் காருக்குள். அப்படியே நின்றான். தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, தூரத்துப் பஸ்ஸின் நம்பரைப் படிக்கப் பார்க்கிற அதே முகம்.

"யாரு இது? யாரோ நல்லாப் பாடறாங்களே" என்றான்.

"நீதான்."

"நான் இல்ல. அது வேற குரல்."

"நீதாண்ணா. அன்னிக்கு நீ பாடினது இதுதான். நாம கேட்டதுதான் வேற."

பச்சை விழுந்தது. எனக்கு ஓட்டவும் வரவில்லை, பேசவும் வரவில்லை. ஐஸ் கம்பெனி, ஜெனரேட்டர், சோர்ந்துபோன மோட்டார் என்று முன்னுக்குப் பின் உளறினேன். பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துவிட்டு, தலையை வெளியே நீட்டி, "போறதுன்னா போங்கம்மா" என்று கத்தினார். அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்து, கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம் இருங்க" என்றான்.

சொல்லிவிட்டுக் காருக்குள் வந்து உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான். எனக்கு இரண்டு தடவை என்ஜின் அணைந்தது, அவன் திட்டவில்லை. சிக்னலைத் தாண்டி ஓரமாக நிறுத்தினோம். பாட்டு முடிந்தது.

"இன்னொரு தடவை போடு" என்றான்.

ஏப்ரல் 11

காலையிலேயே வந்துவிட்டான், ஷேவ்கூடச் செய்யவில்லை. சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்தான். இசைக்கவையைக் கொடுத்தேன். அதை அடையாளம் கண்டுகொண்டு கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். அப்புறம் டியூனிங் செய்கிற மாதிரியே முழங்காலில் தட்டி, காம்பை மேஜையில் ஊன்றினான். மேஜை பாடியது. நான் காதுக்காரி கொடுத்த பாட்டைப் போட்டேன். அந்த இடம் வந்தது, சும்மா விட்ட கம்பி. அதே சுரம், ஒரு இழை பிசகாமல்.

"சரியாத்தான் வச்சிருக்கான்" என்றான் அண்ணன். கவையை மறுபடியும் தட்டி ஊன்றினான். "பாவி, சரியாத்தான் வச்சிருக்கான்."

இவர் காப்பி போட்டு வைத்துவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார். காப்பி ஆறிப்போனது. அண்ணன் கவையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "என் குரல் போயிடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன் பாப்பா. அது ஒரு நாளும் என் குரலாவே இருந்ததில்ல. என் குரல் சும்மா இங்கயே உக்காந்திருந்திருக்கு."

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் கோபப்படுவது? மாமா மேலா, ஜெனரேட்டர் மேலா? ஜெனரேட்டர் சோராமல் இருந்திருந்தால் பாட்டு அப்படிப் பறந்திருக்காது, ஊர் அதைப் பிடித்துக்கொண்டிருக்காது, மைதானத்தில் யாரும் பாடியிருக்க மாட்டார்கள். என் அண்ணன் மட்டும் பாடிக்கொண்டிருந்திருப்பான், எங்கள் கொல்லைப்புறத்தில். எது நல்லது?

ஏப்ரல் 30

பாட்டுக் கம்பெனிக்காரருக்கு ஒரே குஷி. காதுக்காரி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். உண்மையான குரல், உண்மையான வேகம், இதைத்தான் வெளியிட வேண்டும் என்கிறார். நானும் அண்ணனுக்கு நியாயம் கிடைக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அவரும் அண்ணனும் நானுமாகக் காதுக்காரியின் அந்த ஜன்னலில்லாத அறையில் போய் உட்கார்ந்தோம்.

அண்ணன் வேண்டாம் என்றுவிட்டான். பழையதையே போடச் சொன்னான். கம்பெனிக்காரர் காரணம் கேட்டார். அண்ணன் என்னைக் காட்டினான்: "இவ கடைக்கு ஒரு பொண்ணு வந்துச்சாம். ஆஸ்பத்திரியில அவங்கம்மா காதுல இந்தப் பாட்டைப் பாடுச்சாம். அந்தம்மா கேட்டது பழசைத்தானே? அதைப் போய் இப்ப தப்புன்னு சொல்லச் சொல்றீங்களா?"

அந்தக் கதையை எப்போதோ அண்ணியிடம் சொல்லியிருந்தேன். இவன் காதில் விழுந்திருக்கிறது, விழாத மாதிரி இருந்திருக்கிறான்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். ரெக்கார்டின் அட்டையில் எங்கள் மூவர் பெயருக்கும் கீழே ஒரு வரி அச்சடிக்க வேண்டும்: 'பதிவின்போது கிட்டாரின் சுருதி சரியாக இருந்தது.' கம்பெனிக்காரர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். அது எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. காதுக்காரிக்குப் புரிந்தது, ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

ஜூன் 17

அட்டை வந்தது. டியூனிங் வீட்டுக்கு முதல் பிரதி. அவர் மனைவி போனில் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு, "இதைப் பாக்க அந்த மனுஷன் ஒரு நிமிஷம் இருந்திருக்கலாம்" என்றார்.

ஜூலை 9

லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பரீட்சை அதிகாரி, யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அவரா? அவருக்கு முதல்ல கண்ணாடி மாட்டச் சொல்லுங்க" என்றார். மானம் போயிற்று.

ஆகஸ்ட் 21

சாயங்காலம் அண்ணன் தானாகக் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். "சீக்கிரம் முடி, ஆறு மணிக்கு கிளாஸ் இருக்கு" என்றான்.

சோதனை பிரேமை மாட்டினேன். வலக்கண் முடிந்தது. இடக்கண்ணில் இரண்டாவது லென்ஸைப் போட்டபோது ரேடியோவில் சொட்டு விழுந்தது. இவர் பாய்ந்து போனார் அணைக்க. நான் லென்ஸைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். அண்ணன் பலகையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றான்.

டிரம்ஸ் வந்தது. குரல் வந்தது, பறக்கிற அந்தக் குரல். இரண்டாவது வரியில் அதற்குக் கீழே இன்னொன்று கேட்டது. முணுமுணுப்புத்தான். கரகரவென்று, அரை சுரம் தள்ளி, தன் போக்கில். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது நான் இதைக் கேட்டு. என் விரல் தானாகக் கண்ணாடி மேஜையில் தாளம் போட ஆரம்பித்தது. இரண்டு வேகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தடுமாறியது.

கண்ணாடி வாங்க வந்து பெஞ்சில் காத்திருந்த கல்லூரிப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்: "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க பாடறது கொஞ்சம் கீழ இருக்கு."

"ஆமாம்மா" என்றான் அண்ணன். "எனக்கு அங்கதான் வரும்."

பிறகு என் பக்கம் திரும்பினான். ஒரு கண்ணில் லென்ஸ், ஒரு கண்ணில் கறுப்பு மூடி. "என்ன நின்னுட்டே? அடுத்ததைப் போடு" என்றான்.

போட்டேன். இது தெளிவா, முன்னதா என்று கேட்டேன். இதுதான் என்றான். கடைசி வரி வரைக்கும் படித்தான், ஒரு எழுத்து மட்டும் தப்பு. கண்ணாடி வியாழக்கிழமை தயாராகிவிடும்.